பாதியில் நிற்கும் கை

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ரோட்டோரம் காபிக் கடை நடத்தும் தாமரைச்செல்வி கூப்பிட்டதால், எஸ்பிரெஸோ மெஷினைப் பார்க்க அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் சதாம் வந்திருந்தான்.

“ஒரு மாசமா இப்படித்தானுங்க. ஒரு பக்கம் பீச்சியடிக்குது, இன்னொரு பக்கம் சொட்டுது. ஒரே கப்புல புளிப்பும் கசப்பும்.”

சதாம் காபித்தூளைச் சமமாகப் பரப்பி அமுக்கினான். தூள்மேல் வெந்நீரை அழுத்தும் மெஷினின் கைப்பிடியை ஒரே இழுப்பாகக் கீழே இறக்கினான். காபி சீராக இறங்கியது.

“மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்கக்கா. நீங்க போடுங்க, பாக்கறேன்.”

அவளும் அதேபோல் தூளை அமுக்கினாள். கைப்பிடியைப் பாதிவரை இழுத்தாள். ஒரு கணம் நிறுத்தினாள். மறுபடி இழுத்தபோது காபி ஓரமாகப் பீறிட்டது.

“ஏனுங்கக்கா பாதியில நிறுத்தறீங்க? அழுத்தம் விட்டுப் போயி தூள்ல வெடிப்பு விழுது. தண்ணி அந்த வழியாவே ஓடிருது.”

“நிறுத்தறனா?” அவள் தன் கையையே பார்த்தாள். “கைப்பிடி எனக்குக் கனமுங்க. பாதிக்கு மேல எங்க ஊட்டுக்காரரு கை வந்து வாங்கிக்கும்.”

“அப்ப அவரையே இழுக்கச் சொல்லுங்க. எங்க அவரு?”

“போன மாசம் கொண்டை ஊசி வளைவுல பைக் சறுக்கி இறந்துட்டாருங்க.”

சதாம் பழைய தூளைத் தட்டிவிட்டுப் புதுத் தூளை அமுக்கி வைத்தான்.

அவள் இரண்டு கைகளாலும் பிடித்து, நிறுத்தாமல் அடிவரை இழுத்தாள். காபி சீராக இறங்கியது.

“சரியாயிருச்சுங்கக்கா” என்றான் மெதுவாக.

தாமரைச்செல்வி கைப்பிடியை விடவில்லை. கண்கள் நிரம்பியிருந்தன.

“இத்தன நாளும் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாருங்க. இப்பத்தான் போனாரு.”