ஹென்றியின் இரட்டைக் காவல்

“ரெண்டு சர்வர் இருந்தும் ரெண்டும் ஒண்ணாப் படுத்துட்டுன்னா, எதுக்குவே ரெண்டு?”

முதலாளி ஜெரால்டு கத்தியது கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் ஹென்றியிடம். இணையத்தில் அந்தத் தூத்துக்குடி கப்பல் ஏஜென்சியின் பெயரைத் தட்டுகிறவர்களுக்கு வழிகாட்டுபவை அந்த டிஎன்எஸ் சர்வர்கள்தான். இரண்டிலும் ஒரே மென்பொருள். அதிலிருந்த ஓட்டை வழியாக எவனோ புகுந்து இரண்டையும் சாய்த்துவிட்டான். துறைமுகத்துக்கு வெளியே கப்பல் காத்துக் கிடக்க, கம்பெனிக்கு ஒரு மெயில்கூட வரவில்லை.

“இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, நீரு நடையக் கட்டிர வேண்டியதுதான்.”

ஹென்றி உடனே சர்வர்களைக் கவனிக்கும் ஜெனோவையும் ரீனாவையும் கூப்பிட்டார்.

“பழைய மென்பொருளத் தூக்கிட்டு நாட் டிஎன்எஸ் போடுவோம் சார்,” என்றான் ஜெனோ.

“அது சரிவராது. என்எஸ்டிதான்,” என்றாள் ரீனா.

“இவ சொல்லுதத கேக்கதுக்கு நான் கடல்ல குதிக்கலாம்.”

“குதியேன். யாரு புடிச்சா?”

ஹென்றிக்கு மூளையில் பல்ப் எரிந்தது. “ரெண்டையும் போடுங்க! ஏலே ஜெனோ, நாட் உனக்கு. என்எஸ்டி ரீனாவுக்கு. ஒருத்தர் சர்வர இன்னொருத்தர் தொடப்படாது. ஒருத்தர் தப்பு மத்தவங்களுக்கு ஒட்டாதுல்லா?”

“இவன்கூடப் பேச வேண்டாம்னா ரொம்ப சந்தோசம் சார்,” என்றாள் ரீனா.

இரண்டு சர்வருக்கும் கட்டடம் வேறு, கரண்ட் லைன் வேறு. இருவரும் ஒரே நாளில் லீவு எடுக்கக் கூடாது என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்தார் ஹென்றி.

மூன்று மாதம் சர்வர்கள் அசையவில்லை. இருவரும் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க ஹென்றிக்கு அப்படியொரு நிம்மதி. கண்டிப்பாக இதுகள் இரண்டும் ஒன்றாகப் படுக்காது.

அந்த ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிவில் பங்குச்சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். ஹென்றி கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

“மணமகன் ஜெனோ. மணமகள் ரீனா. திருமணம் வரும் இருபதாம் தேதி. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்.”

முன் வரிசையில் ரீனா தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்கள் பக்கம் ஜெனோ மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தான்.

கோயிலே திரும்பிப் பார்க்க, ஹென்றி எழுந்து நின்று அலறினார்:

“தடை இருக்கு சாமி! ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு கிடையாது!”