ஏழு நிமிடப் பிரபு

இரட்டையரில் ஏழு நிமிடம் பிந்திப் பிறந்த ஒரே குற்றத்துக்காக, லயனல் அறுபத்திரண்டு ஆண்டுகளாக வெறும் லயனலாகவே இருந்தார். அண்ணன் ஆம்ப்ரோஸ்தான் பென்மியர் பிரபு.

இன்று அதற்கொரு முடிவு கட்டத்தான் மாளிகைக்கு வந்திருந்தார். காலை உணவு மேசையில், முட்டைக்கும் ரொட்டிக்கும் நடுவே ஒரு பழுப்புக் காகிதத்தை வைத்தார்.

"நமக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி எழுதி வெச்சது. யாரோ பேர் போடாம தபால்ல அனுப்பியிருக்காங்க. தொட்டில்ல நம்மள மாத்திப் போட்டுட்டாளாம். மூத்தவன் நான்தான்."

ஆம்ப்ரோஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"அடப்பாவமே, இத்தனை வருஷமா உன் நாற்காலியிலயா உட்கார்ந்திருந்தேன்?"

"நீ சண்டைக்கு வருவேன்னு தெரியும். அதான் வக்கீலையும் பார்த்துட்டு வந்திருக்கேன்."

"சண்டை எதுக்குடா? வம்சம்னா வம்சம்தான்."

முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் சாவிக்கொத்தோடு நீட்டினார். "நாற்பத்தோரு அறை, எட்டு நூற்றாண்டுக் கூரை. எல்லாம் இனி உங்களோடது, பிரபுவே."

மோதிரம் கச்சிதமாகப் பொருந்தியது. உத்தரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் லயனலின் தேநீரில் விழுந்தது.

அண்ணி செசிலி கோட்டும் தொப்பியுமாக வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஐந்து பெட்டிகள்.

"இப்பதானே விஷயத்தைச் சொன்னேன். அதுக்குள்ள எப்படிப் பெட்டி கட்டுனீங்க?"

"பெட்டி கட்ட ஒரு மணி நேரம் போதும், லயனல். அந்த மருத்துவச்சி மாதிரி எழுதிப் பழகத்தான் எனக்கு மூணு வாரம் ஆச்சு."

புதிய பென்மியர் பிரபு மோதிரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கழற்ற மனம் வரவில்லை. தேநீரில் இன்னொரு சொட்டு விழுந்தது.

"வாளி எங்க இருக்கு, அண்ணி?" என்றார்.