கம்பித் தழும்பு

முழு மொட்டை. ஆயுளில் எத்தனையோ தலைகளை மழித்தவர்தான், ஆனால் இந்த மொட்டையைப் பார்த்ததும் சலூன்காரர் தன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா வந்து கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார் மனைவியிடம்.

"கத்தரியே படாம மொட்டையாயிடுச்சுன்னு சொல்லுங்க. அண்ணி நம்புறாங்களான்னு பாப்போம்." அவள் மேசையில் உதிர்ந்து கிடந்த இலைகளைக் கூட்டி அள்ளினாள்.

மொட்டையாக நின்றது ஒரு சாண் உயர ஃபைகஸ் போன்சாய், தொட்டியில் குறுக்கி வளர்க்கும் ஆல் ஜாதி மரம். அக்காவின் கணவர் இதே சலூன் ஜன்னலில் வைத்து வருஷக்கணக்காக வளர்த்த மரம். அவர் இறந்தபின் அக்கா அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். இப்போது மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது திரும்பவும் இங்கே கொண்டுவந்து வைத்து, "வர மூணு மாசம் ஆகும். அத்தானே உக்காந்திருக்கார்னு நெனச்சுப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரெண்டு வாரத்தில் அத்தானுக்கு இந்தக் கதி.

அத்தானுடைய கத்தரி இன்னும் சலூன் இழுப்பறையில் இருக்கிறது. அவருக்கு எல்லாமே இடது கை. அந்தக் கத்தரி வேறு யார் விரலுக்கும் அடங்காது. ஈரத் துண்டைப் பிழிந்தால்கூட மற்றவர்கள் முறுக்குவதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் முறுக்குவார்.

"நர்சரியில இன்னொண்ணு வாங்கி இதே மாதிரி வெட்டி வைங்க," என்றாள் மனைவி. "தலை வெட்டுறவருக்கு இலை வெட்ட வராதா?"

அக்கா மரத்தைக் கொண்டுவந்து வைத்த அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடியில் ஒட்டினார் சலூன்காரர். நடிகர் படத்தைக் காட்டி இதே மாதிரி வெட்டச் சொல்லும் ஆட்களுக்குச் செய்வதுபோல, பார்த்துப் பார்த்து வெட்டினார். முதல் கிளையிலேயே வெள்ளைப் பால் கொட்டியது. பழக்கதோஷத்தில் கை படிகாரக் கல்லைத் தேடியது.

"அப்படியே பவுடரும் போட்டு விடுங்க," என்றாள் மனைவி.

சிக்கல், தழும்பில்தான் இருந்தது. போட்டோவில், அடிக்கிளையைச் சுற்றித் திருகாணி மாதிரி ஒரு கம்பித் தழும்பு ஓடியது.

"கிளையை வளைக்கக் கம்பி சுத்துவாங்க. கழட்ட மறந்துட்டா மரம் பருத்து, கம்பி உள்ள கடிச்சுடும்," என்றார் நர்சரிக்காரர். "புதுசா பழகுறவங்க செய்யிற தப்பு சார் அது."

அந்தத் தப்பைச் சலூன்காரர் வேண்டுமென்றே செய்தார். போட்டோவில் இருந்தபடியே சுற்று மாறாமல் அலுமினியக் கம்பியை இறுக்கி, கிளை பருத்துத் தழும்பு விழும்வரை தினமும் எட்டிப் பார்த்தார். கம்பியைக் கழற்றிய அன்று அவருக்கே எது அசல் என்று சந்தேகம் வந்துவிட்டது.

அக்கா வந்தாள். பேரனின் பிரதாபங்களைச் சொல்லி முடித்துவிட்டு, தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு இலைகூடக் கொட்டலியாடா?"

"ஒண்ணே ஒண்ணுகூட இல்லக்கா. உள்ளங்கையில வச்சுத் தாங்கினேன்."

"அப்ப இது அந்த மரம் இல்ல."

சலூன்காரர் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"இடம் மாத்தி வச்சா ஃபைகஸ் கோவிச்சுக்கும். இருக்கிற இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும், அப்புறம் தானா துளிர்க்கும்," என்றாள் அக்கா. பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "தெரியாதவங்க செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க," என்றாள். "நீ எங்கடா போட்ட?"

"போட மனசு வரலக்கா. பின்னாடி ஒளிச்சு வச்சேன். அப்புறம் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல."

மூவரும் பின்பக்கம் போனார்கள். துண்டு காயப்போடும் கொடிக்குக் கீழே, உடைந்த சலூன் நாற்காலியின் மறைவில், பழைய தொட்டி அப்படியே இருந்தது. தினமும் துண்டு சொட்டிய தண்ணீரைக் குடித்து, மொட்டை மரம் பளபளவென்று இலை விட்டிருந்தது.

"உங்களைவிடத் துண்டு நல்லாப் பாத்துக்கிட்டிருக்கு," என்றாள் மனைவி.

சலூன்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அத்தான் மரம் பொழச்சுக்கிச்சுக்கா," என்றார். இலைத் தூசியைத் துடைக்கலாமென்று கொடியிலிருந்து ஈரத் துண்டு ஒன்றை உருவிப் பிழிந்தார்.

பிழிந்த கை அப்படியே நின்றது. துண்டில் முறுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ, அடிக்கிளையில் தழும்பும் அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது.

அவர் துண்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "அக்கா, அத்தான் கம்பி சுத்தினா இந்தப் பக்கமா வராதே?"

அக்கா குனிந்து தொட்டியை எடுத்து, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்கு வந்ததும் அவரோட மரம் கொட்டினப்ப எனக்கும் தெரியல. நானும் உன்னை மாதிரி வலது கைதானேடா."