வாயாலேயே ஜெயிப்பவன்

"எதிர் டீம்ல பந்து வீசற அந்தக் கோல்பி வாயாலேயே ஜெயிக்கறவன், கோச்! அவன் கத்தலுக்கு என்ன மருந்து வெச்சிருக்கீங்க?"

கேட்டவன் ட்ரெவர். வழக்கமாக வரும் நிருபர் காய்ச்சலில் படுத்துவிட, போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த இவனை நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த மூலைக்கு, பள்ளிகளுக்கு இடையிலான அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். குளிரில் மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது.

"மருந்தா? ஒண்ணும் இல்லை, தம்பி" என்றார் பர்டெட்.

"விளையாடாதீங்க. போன ஆட்டத்துல, பந்தைக் கிளப்பச் சொல்ற மாதிரியே, அது கிளம்பறதுக்கு முன்னாடி திடீர்னு ஒரு கத்து கத்தினான். எதிர்ல நின்ன தடியனுங்க ஏமாந்து கோட்டைத் தாண்டிப் பாய்ஞ்சானுங்க. அஞ்சு கெஜம் அபராதம்! திரும்பத் திரும்ப அதே கதை."

"பாவம். ஆனா எங்க பசங்ககிட்ட அதைப் பத்தி நான் பேச்சே எடுக்கலை."

இந்த மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டதா என்ற கேள்வி ட்ரெவரின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சொல்லிவிடலாமா என்று பர்டெட்டுக்கு நாக்கு துறுதுறுத்தது. விசாரிக்காமல் வந்தது அவன் தப்பு. ஆட்டம் முடியட்டும்.

அவருடைய பள்ளி நாக்-அவுட் சுற்றுக்கு வந்ததே இதுதான் முதல் தடவை. ஆட்டத்துக்கு முன்னால் எதிரணிக் கோச் தோளில் தட்டி, "உங்க பசங்க இவ்வளவு தூரம் வந்ததே பெருசு" என்று சொன்னது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஜெயித்தே தீர வேண்டும்.

ஆட்டத்தின் கடைசி நிமிடம். பர்டெட்டின் அணிக்கு ஒரே ஒரு புள்ளி முன்னிலை. எதிரணிக்கு இது கடைசி வாய்ப்பு. இரண்டு கெஜம் முன்னேறினால் போதும், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து ஆட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

பர்டெட் டைம்-அவுட் கேட்டார். பையன்கள் ஓடி வந்து, தோளோடு தோள் ஒட்டி அவரை வளைத்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் பாய்ஞ்சு கோல்பியை அமுக்கிடலாமா, கோச்?" கேப்டன் ரைலன் முந்திக்கொண்டான்.

"அவசரக்குடுக்கை! பந்தை மட்டும் பாருங்கடா. பந்து அசைஞ்சாதான் நாம அசையணும். அது வரைக்கும் அவன் தலைகீழா நின்னாலும் சிலை மாதிரி நில்லுங்க."

"தோத்துட்டா?"

"பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"மாட்டோம், கோச்!"

வளையத்துக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ட்ரெவருக்கு ஒரு வார்த்தையும் எட்டவில்லை.

மறுபடி அணிகள் எதிரெதிரே குனிந்து நின்றன.

"ஹட்!" கோல்பி அடிவயிற்றிலிருந்து கத்தினான். ட்ரெவரே துள்ளிவிட்டான். ரைலன் கூட்டம் அசையவில்லை.

"ஹட்! ஹட்!"

ஊஹூம்.

கோல்பியின் குரல் உடைந்தது. இன்னொரு கத்தல். பாய்ந்தது அவனுடைய ஆளே! நடுவரின் மஞ்சள் துணி பறந்தது. அபராதம் இப்போது அவர்கள் தலையில். இரண்டு கெஜம் ஏழு கெஜமானது.

முகம் வெளிறிப்போன கோல்பி பந்தை வீசினான். ரைலன் எகிறி அதைத் தரையில் தட்டினான். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது!

பர்டெட் தொப்பியை வானத்தில் வீசினார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. எதிரணிக் கோச் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

"கோச், கோச்! அதெப்படி?" ட்ரெவர் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"கோல்பிக்கும் விஷயம் தெரியும், தம்பி. பதட்டத்துல மறந்துட்டான். பழக்கதோஷம்."

"என்ன விஷயம்?"

"ரைலனையே கேளு."

ட்ரெவர் திரும்பினான். "ஏம்ப்பா, அவன் அந்தக் கத்து கத்தியும் எப்படி அசையாம நின்னீங்க?"

ரைலன் கோச்சைப் பார்த்தான். பர்டெட்டின் விரல்கள் காற்றில் எதையோ வேகமாக எழுதின. பையன் கண்கள் விரிய, அதே வேகத்தில் விரல்களால் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"'கத்தினானா? எப்போ?'ன்னு கேக்கறான்" என்றார் பர்டெட். "எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கும் காது கேக்காது, தம்பி."