பச்சை டி-ஷர்ட்

"அந்தச் சட்டையைக் கழட்டிட்டு வந்து என் பக்கத்துல உக்காரு. இல்லேன்னா வேற இடம் பாத்துக்க."

சொராய்தா சொன்னது சொந்தத் தம்பியிடம். எவெலியோ காதில் வாங்காமல் உட்கார்ந்துவிட்டான். உடம்பில் கம்பெனி கொடுத்த பச்சை டி-ஷர்ட். மடியில் கம்பெனி கொடுத்த பன்றிக்கறி சாண்ட்விச். கவுண்ட்டி ஹாலுக்கு வந்ததே கம்பெனி விட்ட பஸ்ஸில்தான்.

"இங்க ஏசி ஆளைக் கொல்லுதுக்கா. சும்மா குடுத்தாங்க, போட்டுக்கிட்டேன்."

"சும்மா குடுத்தா எதை வேணா போட்டுக்குவியா?"

பின் வரிசையில் இருந்த லாயிட் தலையை நீட்டினார். பக்கத்து நிலத்தில் வெண்டைக்காய் போடுகிறவர். "விடு சொராய்தா. சிலரை வாங்க ஒரு சாண்ட்விச்சே போதும்."

எவெலியோ அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னொரு கடி கடித்தான். மானம் ரோஷம் உள்ளவன் செய்கிற காரியமா இது?

மயாமி நகரம் இதற்கு மேல் தெற்கே வரக் கூடாது என்று கவுண்ட்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், என்றைக்கோ ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடுகள். இந்தப் பக்கம் சொராய்தாவின் மமே பழத் தோப்பு, லாயிட்டின் வெண்டைத் தோட்டம், அதையும் தாண்டினால் சதுப்பு. கோட்டை நகர்த்தி நானூறு ஏக்கரில் வீடு கட்டக் கம்பெனி கேட்கிறது. கட்டினால் சதுப்பை வடிப்பார்கள். சதுப்பு வற்றினால் கடல் தண்ணீர் நிலத்தடியில் ஏறி வரும். முதலில் உப்பாகப் போவது லாயிட்டின் கிணறு. அவருக்கு இருப்பது அது ஒன்றுதான்.

இன்றைக்குக் கவுண்ட்டி கமிஷனர்களின் ஓட்டெடுப்பு.

சொராய்தாவுக்கு உட்கார முடியவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நாலு முறை வாசல் வரை போய் வந்தாள். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, கட்டைவிரல் அளவுக் கோப்பைகளில் காப்பியை ஊற்றி வரிசை முழுக்கக் கொடுத்தாள். தம்பிக்கு மட்டும் கொடுக்கவில்லை. கியூபாக்காரி ஒருத்தி ஒருவனைத் தாண்டிக் காப்பியை நீட்டினால், அதற்கு மேல் திட்ட ஒன்றும் இல்லை.

"பேசறதுக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டியா?" என்றார் லாயிட். "உன் குரலுக்குத்தான் கமிஷனருங்க நிமிந்து பாப்பாங்க."

"இன்னிக்குத் தொண்டை சரியில்ல."

"தம்பியைத் திட்ட மட்டும் நல்லாத்தான் இருக்கு" என்றான் எவெலியோ.

அவள் முறைத்தாள்.

மேடையில் கமிஷனர்களின் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கம்பெனி வக்கீலைக் கேட்டார். "உங்க நானூறு ஏக்கருக்கும் கோட்டுக்கும் நடுவுல பத்து ஏக்கர் வேற ஒருத்தர் நிலம். அது சேரலைன்னா உங்க நிலம் கோட்டை ஒட்டவே ஒட்டாது. விண்ணப்பமே நிக்காது. அவர் சம்மதிச்சுட்டாரா?"

வக்கீல் புன்னகையோடு திரும்பிக் கை காட்டினார். "இதோ, எங்க சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர்தான்."

ஹால் மொத்தமும் எவெலியோவைத் திரும்பிப் பார்த்தது. "யூதாஸ்" என்று லாயிட் முணுமுணுத்தது நாலு வரிசைக்குக் கேட்டது. சொராய்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

எவெலியோ உதட்டைத் துடைத்துக்கொண்டு மைக்குக்குப் போனான். பெயர், விலாசம் சொன்னான்.

"உங்களுக்கு ரெண்டு நிமிஷம்" என்றார் தலைவி.

"அரை நிமிஷம் போதும்மா. கம்பெனிக்கு வாயாலதான் சரின்னேன், கையெழுத்துப் போடலை. என் பத்து ஏக்கர்ல வீடு கட்டுற உரிமையைக் கவுண்ட்டிக்கே எழுதிக் குடுத்துட்டேன். நேத்து சாயங்காலம் பதிவாச்சு, இந்தாங்க காகிதம். மரம் வைக்கலாம், மாடு மேய்க்கலாம். வீடு மட்டும் நானும் கட்ட முடியாது, எனக்கப்புறம் வர்றவனும் கட்ட முடியாது. இதனால நேத்துலேருந்து என் ரெண்டு பொண்ணுங்களும் என்கூடப் பேசல." வக்கீல் பக்கம் திரும்பினான். "சாண்ட்விச் நல்லா இருந்துச்சு."

ஓட்டெடுப்புக்கே வேலை இல்லாமல் போயிற்று. வக்கீல் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

லாயிட் ஓடிவந்து எவெலியோவைக் கட்டிக்கொண்டார். முதுகில் ரெண்டு அடி வைத்தார். பிறகு மனைவிக்கு போன் பண்ணக் கண்ணைத் துடைத்தபடியே வெளியே போனார்.

வராந்தாவில் அக்காவும் தம்பியும் மட்டும். பிளாஸ்க்கில் மிச்சமிருந்த காப்பியை அவனுக்கு ஊற்றினாள் சொராய்தா.

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா. அத்தனை பேர் முன்னாடி உன்னை எவ்வளவு கேவலமாப் பேசிட்டேன்."

"சொல்லத்தான் வந்தேன்க்கா. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான். குரல் தணிந்தது.

"கம்பெனிக்காரன் என் கையெழுத்துக் கேட்டு வந்தப்ப, கோடு நகந்தா உன் தோப்பையும் தர்றதா நீ போட்டுக் குடுத்த கையெழுத்தைத்தான் முதல்ல எடுத்துக் காட்டினான். மூணு புயல் பாத்த தோப்பு, நீயும் எத்தனை நாள்தான் தாங்குவே? இனி அது செல்லாது. காலையிலேருந்து இறுக்கிப் பிடிச்சிருக்கியே, அந்தப் பையில இருக்கற நகலைக் கிழிச்சுப் போட்ரு. லாயிட்டுக்குத் தெரிய வேணாம்."