காலரில் ஒட்டிய பச்சை

"இந்த சென்ட்டைப் போடுற பொம்பளையை நான் பார்க்கணும்" என்றாள் வந்தவள். பாலிதீன் பையின் முடிச்சை அவிழ்த்து, ஊதாக் கட்டம் போட்ட ஓர் ஆண் சட்டையை எடுத்துக் கடை மேசையில் விரித்தாள்.

சட்டை கழுத்திலிருந்து அடிவரை கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. பொத்தான்கள் மட்டும் போட்டது போட்டபடி இருந்தன. நல்லவேளை, கோபத்தைச் சட்டையோடு நிறுத்திக்கொண்டாள் என்று கடைக்காரர் நினைத்தார்.

"யாரோடதும்மா?"

"என் வீட்டுக்காரரோடது."

"அவரையே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்கிறார்."

"எல்லா ஆம்பளையும் அதைத்தான் சொல்லுவான்" என்று வாய்வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். ஊர் வம்பு என்றால் அவருக்கு ஆகாது. தெருவில் சத்தம் கேட்டாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிடும் ஆள்.

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன் சார். இது இப்போ வர்ற சரக்கு இல்லை, பழைய சென்ட் விக்கிறவர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட போங்கன்னாங்க." பேசும்போதே அவள் அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஓர் இடத்தில் நிற்க அவளால் முடியவில்லை.

அவர் காலரை மூக்கருகே கொண்டுபோனார். முதலில் கசப்பு, நகத்தால் காம்பைக் கிள்ளியது போல. அடுத்து இனிப்பே இல்லாத ஒரு வெள்ளைப் பூ. கடைசியில் மழை விட்ட பிறகு மதில் பாசியில் எழும் ஈரம்.

அவர் கை அப்படியே நின்றது.

லேபிள் உரிந்துபோய், கழுத்தில் பச்சை நாடா கட்டிய பாட்டில் அது. கடைக்கு வந்ததே ஒன்றுதான். அதை அவர் விற்கவில்லை. மாடியில், அவர் மனைவியின் அலமாரியில் இருக்கிறது.

"கண்டுபிடிச்சுட்டீங்களா சார்?"

"பச்சைப் பூ வகை. இதுலயே நிறைய இருக்கும்மா." அதுவல்ல என்று தெரிந்த பாட்டில்களாகப் பார்த்து இறக்கினார். அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக நனைத்து நீட்டினார். "எடுத்ததும் நெயில் பாலிஷ் வாடை வரும், பழசு அப்படித்தான். கொஞ்சம் பொறுத்து மோந்து பாருங்க."

அவள் எங்கே பொறுத்தாள்!

"இது வெள்ளரிக்காய் நறுக்கின பலகை" என்று முதல் துண்டைத் தள்ளினாள். "இது புல்லு வெட்டின ஸ்கூல் கிரவுண்டு. நல்லாத்தான் இருக்கு, ஆனா இது இல்ல. இது... சோப்பு தேய்ச்சுக் குளிச்சுட்டு வர்ற கணக்கு டீச்சர்."

வேறொரு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார்.

"சட்டையில இருக்கிறது வேற சார். எடுத்ததும் சுள்ளுன்னு மூஞ்சியில அடிக்குது. அப்புறம் ஒண்ணும் பேசாம பக்கத்துல வந்து உட்கார்ந்துக்குது. கோபக்காரங்க பிரியமா இருக்கிற மாதிரி."

அவர் மனைவியைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவள் வெளியே போய்விட்டு நேரம் கழித்து வந்தாள். சாப்பிடவில்லை. தலைவலி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த பாட்டிலை அவள் தொடவே இல்லை. கேட்டதற்கு, அலுத்துப்போச்சு என்றாள். பாட்டில் தீராமல் இன்னும் கொஞ்ச காலம் வரும் என்று அவர் சந்தோஷப்பட்டதுதான் மிச்சம்.

"ஆளைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க?" அவர் குரல் அவருக்கே யாருடையதோ போல் கேட்டது.

"அதை அவங்ககிட்டதான் சொல்லணும். உங்ககிட்ட ஆரம்பிச்சா இங்கேயே அழுதுடுவேன்."

"அவங்களுக்கும் ஒரு புருஷன் இருப்பான் இல்லையாம்மா? அவனை நினைச்சுப் பார்த்தீங்களா?"

"அவருக்கும் தெரியட்டுமே" என்றாள் அவள். "அவர் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்தானே?"

தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஷட்டரை இறக்கும் கம்பியைக்கூட அவர் கையில் எடுத்துவிட்டார். ஆனால் இறக்கிவிட்டு மாடி ஏறினால், அந்தச் சந்தேகமும் கூடவே வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளும். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடிப்படிக்குப் போனார்.

"ஏய், கொஞ்சம் கீழ வா."

"அடுப்புல வேலையா இருக்கேங்க."

"அணைச்சுட்டு வா!"

அவர் இப்படிக் கத்தி அவளே கேட்டதில்லை. முந்தானையில் கை துடைத்தபடி இறங்கி வந்தாள். "என்ன, கடை பத்திக்கிட்டு எரியுதா? எதுக்கு இந்தக் கூப்..."

மேசையில் கிடந்த சட்டையைப் பார்த்ததும் பேச்சு அறுந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. பிடித்துக்கொள்ள அவள் கை சுவரைத் தேடியது. கடைக்காரருக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. மெதுவாக வந்து, வெட்டுப்பட்ட துணியின் ஓரத்தை விரலால் தொட்டாள். பிறகு எதிரில் நின்றவளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் மடியிலதான் கிடந்தார்... பொழைச்சுட்டாராம்மா?"