தரையோடு ஒட்டின வண்டி

“சன்ரூஃப் தெண்டம்டா. அந்தக் காசுக்கு பெரிய அலாய் வீல் போட்டிருக்கலாம்” என்றான் பார்த்திபன். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத சிவப்புக் காரில் நண்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வல்லத்திலிருந்து இதே பாட்டுதான்.

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த சிவசங்கருக்கு எரிச்சல். “இருக்குற வீலே போதும். நீ வாய மூடிக்கிட்டு வா.”

“சரி, சைலன்ஸரையாச்சும் மாத்து. இந்த மாதிரி வண்டின்னா சத்தம் வேணாவா?”

“இப்ப கேக்குற சத்தமே போதும்.”

பார்த்திபன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். “ஏசியையாச்சும் போடேன்.”

“ஜன்னலத் தெற.”

கடலைக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்திபனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“பாத்தியா, ஊரே வேடிக்கை பாக்குது. நான் சொன்னேன்னு ஸ்பிரிங்க மாத்தி வண்டிய எறக்குன இல்ல, அதான். தரையோட ஒட்டிக்கிட்டு இன்னா அழகா போவுது.”

முன்னால் கயிறு தொய்ந்தது. சிவசங்கர் பலங்கொண்ட மட்டும் பிரேக்கை மிதித்தான்.

கயிற்றின் மறுமுனையில் நின்ற டிராக்டரிலிருந்து அவன் மனைவி ரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, வல்லத்து ஸ்பீடு பிரேக்கருல அடிவயிறு கிழிஞ்சி ஆயிலு கொட்டுனது போதும். இங்க இன்னொண்ணு இருக்குது. ரெண்டு பேரும் எறங்குங்க, வண்டி கொஞ்சம் மேல எழும்பட்டும்.”

இருவரும் இறங்கினார்கள். சிவசங்கர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

“செஞ்சி மெக்கானிக் கடைக்குப் போற வழி கூட்டமா இருக்குமே. ஹாரனாச்சும் அடிச்சிக்கிட்டு வரட்டா?” என்று பார்த்திபன் கேட்டான்.

“அடிங்கண்ணா. அது ஒண்ணுதான் நீங்க இன்னும் மாத்தச் சொல்லல.”